ஆறு டயர் வண்டி

“ஏம்புள்ள, ஒரு காருக்கு டயரு எத்தன?”

கோகிலவாணி அக்கா என்னிடம் முதன்முதலாகக் கேட்டது இதைத்தான். அவளுடைய காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடவும், அவள் தைக்கும் ஜாக்கெட்டுகளுக்கு ஊக்கு தைத்துக் கொடுக்கவும் ஆள் வேண்டும் என்று அம்மா என்னை அங்கே அனுப்பியிருந்தாள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருந்தேன். அடுத்த வீட்டு வாசலுக்குள் நுழைவதே எனக்குப் பெரிய காரியம். கதவோரம் நின்றபடி நான்கு விரலைக் காட்டினேன்.

“வாயத் தொறந்து சொன்னா என்னா, தேஞ்சா போயிருவ? நாலு இல்ல. எங்க வூட்டு காருக்கு ஆறு. நாலு ஓடுது. ஒண்ணு டிக்கியில சம்மணம் போட்டு ஒக்காந்திருக்குது. ஒண்ணு அதா, அங்க தூக்குல தொங்குது பாரு.”

ஆட்டுக்கொட்டாய்ச் சுவரில் மெலிந்த டயர் ஒன்று கட்டுக்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. டயர் முழுக்க வெள்ளை வெள்ளையாக எச்சம்.

அது கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த ஸ்டெப்னி. மற்ற டயர்களைவிட உயரம் கம்மி, அகலம் பாதி. எண்பதுக்கு மேல் போகக் கூடாது என்று ரிம்மில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பஞ்சர் கடை வரைக்கும் போய்ச் சேருவதற்கு மட்டும் அது. அக்காவின் வீட்டுக்காரர் தர்மன் மாமா அதற்கு வைத்த பேர் நோஞ்சான்.

மாமா கடத்தூர் ஸ்டாண்டில் மஞ்சள் போர்டு கார் ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் அக்காவை உட்கார வைத்துக்கொண்டு சேலம் போகும்போது, தொப்பூர் மலை இறக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் பின் டயர் பஞ்சர். நோஞ்சானை மாட்டிக்கொண்டு இறங்கினார். பாதி இறக்கத்தில் வண்டி சுற்றிக்கொண்டு போய்த் தடுப்புச் சுவரில் அடித்தது. மாமாவுக்கு நெற்றியில் தையல். அக்காவுக்கு இடுப்பில் தகடு வைத்தார்கள். வலது முழங்கால் அதற்கப்புறம் மடங்கவே இல்லை.

“அந்த நோஞ்சான் பண்ண வேல” என்று மாமா ஸ்டாண்டில் சொல்வார், டீக்கடையில் சொல்வார், சவாரி வருகிறவர்களிடமும் சொல்வார். ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவைக் கூட்டிவந்த வாரமே நோஞ்சானைக் கழற்றிச் சுவரில் தொங்கவிட்டார். ரிம்மோடு ஒரு முழு டயர் வாங்கினார். டிக்கிக்கு அடியில் இருக்கும் பள்ளம் நோஞ்சானுக்கு என்று செய்தது. முழு டயர் அதில் இறங்காது. அதனால் டிக்கித் தரையிலேயே படுக்க வைத்து, நைலான் கயிறு போட்டுக் கட்டி, மேலே பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்துவிட்டார். அதற்கப்புறம் டிக்கியில் ஒரு சூட்கேஸ் வைத்தால் இன்னொன்று மடியில்தான். பெங்களூர் போகிறவர்கள் முணுமுணுத்தார்கள். சிலர் வேறு வண்டிக்குப் போனார்கள். மாமா அசையவில்லை.

தர்மபுரியில் முகாம் போட்டு அக்காவுக்குச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். அன்றைக்கும் டிக்கியில் இடமில்லை. முருகேஷ் அண்ணனின் பால் வண்டியில் கேன்களுக்கு நடுவில் ஏறி அது ஊர் வந்து சேர்ந்தது. வந்த நாளிலிருந்து அது வீட்டை விட்டு வெளியே போனதில்லை. வாசலிலிருந்து ஆட்டுக்கொட்டாய், ஆட்டுக்கொட்டாயிலிருந்து வாசல்.

“என் வண்டிக்கு ஸ்டெப்னியே கெடையாது. ஓடுது பாரு” என்று அக்கா வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள்.

வெளியே எங்கே போனாலும் மாமா தூக்கிக்கொண்டு போவார். பின் சீட்டில் காலை நீட்டி உட்கார வைப்பார். கல்யாண வீட்டில் பந்தி ஓரமாக ஒரு சேரில் இறக்கி வைப்பார். பிறகு தெரிந்தவர்களோடு பேசப் போய்விடுவார். அவர் திரும்பி வருகிற வரைக்கும் அக்கா அதே சேரில்தான். தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் போக வேண்டி வரும்.

---

அந்த வருடம் மாசி முடிவதற்குள்ளேயே வெயில் ஏறிவிட்டது. மரத்திலிருந்து உலுக்கிய புளி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. மாமாவின் அம்மா கண்ணம்மாள் அத்தை சாக்கை விரித்து உட்கார்ந்து சின்ன இரும்புக் கம்பியால் புளியைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஓடு தெறிக்கும். நான் நாரை உரிப்பேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி மடியில் முறம் வைத்துக் கொட்டை எடுப்பாள். விரலெல்லாம் பழுப்பு, நகக்கண்ணில் எரிச்சல். சாயங்காலக் காற்று அடித்தால் ஓட்டுத் தூசி கண்ணில் விழும்.

அப்போதுதான் அன்பரசி என்பவள் போன் செய்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அக்காவும் அவளும் திருப்பூரில் ஒரே வரிசையில் உட்கார்ந்து தைத்தவர்கள். இப்போது அரூரில் ஒரு தையல் யூனிட்டில் அவள் சூப்பர்வைசர். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கொட்டை எடுத்துக்கொண்டே பேசினாள்.

“எடது காலு நல்லாருக்குதில்ல? அது போதும் கோகிலா. பவர் மெசினுக்கு ஒரு காலு போதும். ஸ்கூல் யூனிபார்ம் ஆர்டர் வந்து கெடக்குது. வியாழக்கெழம வந்து தச்சுக் காட்டிடு. ஓனருக்குப் புடிச்சா அடுத்த நாள்ல இருந்து யூனிட் வேனே கடத்தூர்க்கு வந்து ஏத்திக்கும்.”

“படிக்கட்டு இருக்குதா?”

“பண்டல் தள்ற வண்டி போறதுக்குச் சாய்வாக் கட்டிருக்குது. உன் சேரு தாராளமா ஏறும். பாத்ரூமு பின்னால, சமமான தரைதான். நீயே போயிட்டு வந்துக்கலாம். ஆனா ஒண்ணு. சேரோட வா. இன்னொரு ஆளு வந்து தூக்கறது எறக்கறதுன்னா ஓனரு ஒத்துக்க மாட்டாரு.”

போனை வைத்த பிறகு அக்கா முறத்தை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலில் ஒரு சுற்று சுற்றினாள். இன்னொரு சுற்று. கோழிகள் விலகி ஓடின.

மாமா இருட்டுகிற நேரத்துக்கு வந்தார். களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். தட்டில் களியை விரலால் பிட்டுக் குழம்பில் தொட்டுக்கொண்டே விஷயத்தைக் கேட்டார்.

“போலாம். கூட்டிட்டுப் போறன். அதுக்கென்னா?”

“சேரு எடுத்துட்டுப் போவணும்ங்க.”

“எதுக்கு? நான் உள்ள வரைக்கும் தூக்கியாந்து ஒக்கார வெக்கிறன்.”

“அப்பறம்?”

“அப்பறம் என்னா அப்பறம்? சாயங்காலம் வந்து தூக்கிக்கிறன்.”

“மத்தியானம் கக்கூஸுக்கு?”

மாமா களியைப் பார்த்தார்.

“போன் பண்ணு. நான் அரூர் ஸ்டாண்டுலயே இருக்கறன்.”

“அத்தன பொம்பளைங்க தச்சுட்டு இருக்கற எடத்துல நீங்க வந்து என்னத் தூக்கிட்டு கக்கூஸுக்குப் போவீங்க. அவங்க மெசின நிறுத்திட்டுப் பாத்துட்டு இருப்பாங்க. அதானே?”

“கட்டுன பொண்டாட்டியத்தான தூக்கறன்.”

“டயர எறக்கி வெச்சிட்டா சேரு உள்ள போயிரும்.”

அத்தை கம்பியைக் கீழே வைத்தாள். “அத மட்டும் சொல்லாத கோகிலா. ஒரு வாட்டி பட்டது போதாதா?”

“அரூருக்குப் போற வழியில மல எங்க இருக்குது அத்த? எல்லாம் சமமான ரோடு.”

“ஆணி எங்க வேணாலும் கெடக்கும்” என்றார் மாமா.

“மேல கேரியர் வெச்சு அதுல டயரக் கட்டுங்க.”

“காத்து புடிச்சா வண்டி ஆட்டும்.”

“முன்னாடி சீட்டுல சேர மடக்கி வெச்சுட்டா?”

“அங்க வெச்சா கியரு போட எடமில்ல. அப்பறம் மலரு எங்க ஒக்காருவா? உங்கூட ஒரு ஆள் வேணும் இல்ல?” மாமா என்னைப் பார்த்தார். நான் நாரை உரித்துக்கொண்டிருந்தேன். “முருகேஷ் வண்டியில போட்டு அனுப்பறன் சேர.”

“அவன் காலையில தர்மபுரிக்குப் போறவன். அரூரு எங்க, தர்மபுரி எங்க?”

மாமா கை கழுவிக்கொண்டு எழுந்தார். உட்காரவில்லை. வாசலுக்குப் போனார், கார் டிக்கியைத் திறந்தார், கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார், மூடினார். திரும்பி வந்து சொம்புத் தண்ணீரைக் குடித்தார். மறுபடியும் போனார்.

“பாரு, எஞ்சக்களத்தியக் கொஞ்சிட்டு வராரு” என்றாள் அக்கா என்னிடம், அவருக்குக் கேட்கிற மாதிரி.

---

வியாழக்கிழமை அக்கா தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்து, நீலப் புடவை கட்டியிருந்தாள். டப்பாவில் புளிசாதமும் பொரித்த வத்தலும். கத்தரி, இஞ்ச் டேப், பாபின் பெட்டி எல்லாம் ஒரு மஞ்சப் பையில். நாற்காலியை வாசலில் கார் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். மாமா அவளை நாற்காலியிலிருந்து தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தார். நாற்காலி அங்கேயே நின்றது. அதில் கோழி ஏறாமல் இருக்க அத்தை ஒரு சாக்கை எடுத்துப் போட்டாள்.

அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பழைய தாரை உரித்துவிட்டு ஜல்லி கொட்டியிருந்தது. இரண்டு பக்கமும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். நிழலே இல்லை. தண்ணீர் லாரி முன்னால் போய்ப் புழுதியை அடக்கிக்கொண்டிருந்தது. மாமா அதன் பின்னால் ஊர்ந்தார். கையால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தார். எதிரே ஒரு டிப்பர் வர, வண்டியை ஓரம் கட்டினார். ஜல்லியில் ஏறி இறங்கும்போது டப்பென்று ஒரு சத்தம். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

முன் டயரின் பக்கவாட்டில் கத்தி போட்ட மாதிரி வெட்டு.

மாமா முகத்தில் சிரிப்பே வந்துவிட்டது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. “பாத்தியா, பாத்தியா? ஆணி எங்க வேணாலும் கெடக்கும்னு சொன்னனில்ல? எறக்கி வெச்சுட்டு வந்திருந்தா என்னா ஆயிருக்கும்?”

அக்காவைத் தூக்கி ரோட்டோரம் ஒரு மைல்கல் பக்கத்தில் நிறுத்தினார். அவளால் ஒரு காலில் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? ஜாக்கி போட்டு வெட்டுப்பட்ட டயரைக் கழற்றியதும், அதையே தரையில் போட்டு அதன் மேல் அவளை உட்கார வைத்தார். நீலப் புடவை டயரின் மேல். வலது கால் நேராக ரோட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. நான் துப்பட்டாவை அவள் தலைக்கு மேல் பிடித்தேன்.

மாமா கயிற்றை அவிழ்த்து முழு டயரை வெளியே எடுத்தார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ரிம்மில் காய்ந்து ஒட்டியிருந்தது. ஐந்து டயருக்கும் ஒரே மாதிரி வைத்திருந்தார். தூக்கி மாட்டி, நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கி, ஸ்பேனர் மேல் காலை வைத்து மிதித்தார். எல்லாம் சரியாக நடந்தது. பிறகு ஜாக்கியை இறக்கினார்.

ஜாக்கி இறங்க இறங்க வண்டியும் இறங்கியது. டயர் ஜல்லி மேல் தோசை மாதிரி பரந்துகொண்டது. ரிம் கல்லில் தட்டியது.

இரண்டு வருடமாகச் சந்தனம் வைத்தவர் ஒரு தடவைகூடக் காற்று வைக்கவில்லை. வால்வு அடிப்பக்கம் பார்த்துக் கிடந்திருக்கிறது. மேலே பெட்ஷீட்.

மாமா குத்த வைத்து உட்கார்ந்தார். கையால் டயரை அமுக்கிப் பார்த்தார். மறுபடியும் அமுக்கிப் பார்த்தார், முதல் தடவை தப்பாகத் தெரிந்திருக்கலாம் என்பது போல.

அக்கா சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று நினைத்தேன். “நோஞ்சான் இருந்திருந்தா இந்நேரம் அரூர்ல இருந்திருப்போம்” என்றாள்.

“அது பேரச் சொல்லாத.”

மறுபடியும் ஜாக்கி போட்டுக் கழற்றினார். மொபெட்டில் புல்லுக்கட்டோடு வந்த ஒருவரை நிறுத்தி, புல்லை இறக்க வைத்து, டயரை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து காற்றுப் பிடிக்கப் போனார்.

வெயில் ஏறியது. அன்பரசி கூப்பிட்டாள். அக்கா “வந்துட்டே இருக்கறம்” என்றாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டாள். அக்கா எடுக்கவில்லை. போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிப்பர் ஒவ்வொன்று போகும்போதும் புழுதி வந்து மூடியது. டிரைவர்கள் தலையை வெளியே நீட்டி, டயர் மேல் உட்கார்ந்திருக்கும் பொம்பளையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

“மலரு.”

நான் குனிந்தேன்.

“எனக்கு அவசரமா வருதுடி.”

சுற்றிலும் பார்த்தேன். வெட்டிய மரத்தின் வேர்ப்பள்ளம். ஒரு புதர்கூட இல்லை. ரோட்டுக்குக் கீழே மரவள்ளிக் காடு இருந்தது. ஆனால் சரிவு. அக்காவின் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினேன். எழுந்தாள். ஒரு எட்டு வைத்ததும் இரண்டு பேரும் சாய்ந்து கார் கதவில் மோதினோம். என்னால் முடியவில்லை. கத்தி யாரையாவது கூப்பிடலாம். வாய் வரவில்லை. அக்காவே கூப்பிட்டாள்.

“ஏங்க அக்கா, மரவள்ளிக் காட்டு அக்கா, செத்த இங்க வாங்களேன்.”

களை வெட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, களைக்கொத்தியோடு ஏறி வந்தாள். மாதம்மாள் என்று பேர் சொன்னாள். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து ஒரு முனையை என்னிடம் கொடுத்தாள். காருக்கும் மைல்கல்லுக்கும் நடுவில் நாங்கள் இரண்டு பேரும் துண்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றோம். அக்கா கார் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நீட்டி, ஒரு காலில் தொங்கி. அதே நேரத்தில் ஒரு பஸ் வந்தது. ஜன்னல் உயரமாக இருந்தது. துண்டு உயரமாக இல்லை.

“பஸ்ஸுல போறவங்க நம்ம மூஞ்சியவா ஞாபகம் வெச்சுக்கப் போறாங்க?” என்றாள் மாதம்மாள். “காலு என்னம்மா, பொறவியிலயா?”

“இல்லீங்க. ஆக்சிடென்ட்டு.”

“நடக்கறதுக்கு வண்டி ஒண்ணு குடுப்பாங்களே, கவர்மென்ட்டுல?”

“குடுத்தாங்க. வூட்டுல இருக்குது.”

மாதம்மாள் காரைப் பார்த்தாள். திறந்து கிடந்த டிக்கியைப் பார்த்தாள். தன் பாட்டிலில் இருந்த தண்ணீரை அக்காவின் கையில் ஊற்றிவிட்டுக் காட்டுக்குள் இறங்கிப் போனாள்.

புடவைக் கீழ்ப்பக்கம் நனைந்திருந்தது. அக்கா அதைப் பிழிந்துவிட்டு, மறுபடியும் டயர் மேல் உட்கார்ந்தாள். அன்பரசியைத் தானே கூப்பிட்டாள். இந்தத் தடவை ஸ்பீக்கரில் போடவில்லை. “ம்”, “சரி”, “நாளைக்கு”, “இல்ல, சேரோடதான்” என்று மட்டும் சொன்னாள்.

---

மாமா மொபெட்டில் வந்து இறங்கியபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. டயர் கும்மென்று இருந்தது. “மூணு கட மூடிக் கெடக்குது. அதான் லேட்டு. ஏறு, இப்பப் போனாக்கூட மத்தியானத்துக்குள்ள போயிரலாம்.”

“ஓனரு கெளம்பிட்டாராம். நாளைக்குக் காலையில வரச் சொல்லிட்டாங்க. நாளைக்கும் வரலன்னா வேற ஆளப் போட்டுக்குவாங்களாம்.”

“நாளைக்குப் போலாம். இன்னொரு முழு டயரு வாங்கிப் போட்டுடறன். இது ஓடுற டயராப் போயிடுச்சில்ல. பழசா இருந்தாலும் ரிம்மோட கெடைக்கும். காத்து வாரா வாரம் பாத்துடறன். என்னா தப்புன்னா காத்து பாக்காததுதான் தப்பு.”

அவர் டயரை மாட்டி முடுக்கிக்கொண்டே பேசினார். அக்கா அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதான் தப்பா?”

“பின்ன?”

“நோஞ்சான் அன்னிக்கு என்னா பண்ணுச்சு?”

“உங்கால ஒடச்சுது.”

“அது ஒடைக்கலீங்க.”

ஸ்பேனர் நின்றது.

“அன்னிக்கு முன்னால கண்டெய்னர் லாரி போயிட்டு இருந்துச்சு. மழ பேயுது, சின்ன டயரு மாட்டிருக்குது, லாரிக்குப் பின்னாலயே போங்கன்னு நான் சொன்னன். சேலத்துல சவாரி காத்துட்டு இருக்குதுன்னு நீங்க வளைவுல அதத் தாண்டிப் போனீங்க. ஸ்பீடு முள்ளு எதுல நின்னுச்சுன்னு நான் பாத்தன். எம்பதுல நிக்கல.”

மாமா திரும்பவில்லை.

“யாருகிட்டயாச்சும் சொன்னனா? எங்கப்பா ஆஸ்பத்திரியில வந்து கேட்டப்பக்கூட டயருன்னுதான் சொன்னன். வண்டி ஓட்டித்தான் நாம சோறு திங்கறோம், அத நெனச்சு சொன்னன். நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும், போதும்னு இருந்தன். நீங்க என்னாடான்னா அத நெசமாவே நம்ப ஆரம்பிச்சுட்டீங்க. எஞ்சேரு வெக்கிற எடத்துல அதக் கொண்டாந்து ஒக்கார வெச்சீங்க. நானும் சிரிச்சுட்டே இருந்துட்டன்.”

ஒரு டிப்பர் போனது.  மாமா ஏற்கனவே முடுக்கிய நட்டுகளை மறுபடியும் ஒன்றொன்றாக முடுக்கினார். அவை அசையவில்லை. இருந்தாலும் முடுக்கினார். பிறகு அக்காவைத் தூக்க வந்தார். கையை நீட்டிவிட்டு, தூக்கலாமா என்று கேட்பது போல நின்றார். அவள் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். வேறு வழி இல்லை.

வீட்டுக்கு வந்து சேரும் வரை காருக்குள் வத்தல் வாசம் மட்டும் இருந்தது.

அவளை நாற்காலியில் இறக்கி வைத்த கையோடு மாமா வண்டியை எடுத்துக்கொண்டு கடத்தூர் போய்விட்டார். வெட்டுப்பட்ட டயர் டிக்கியில் கிடந்தது. அத்தை புளிசாத டப்பாவைத் திறந்து பார்த்து, தொடாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு மூடினாள்.

“டயரு வாங்கத்தான் போயிருப்பான்” என்றாள். “நீ மனசுல வெச்சுக்காத. பயந்தவன் அவன்.”

“பயந்தா பயந்துட்டுப் போவட்டும் அத்த. நான் எத்தன நாளைக்கு அவரு பயத்துக்குப் பக்கத்துல ஒக்காந்திருக்கறது?”

அன்றைக்குப் புளி தட்டும்போது அக்கா கொட்டையோடு சதையையும் எறிந்துகொண்டிருந்தாள். அத்தை அதைப் பொறுக்கிப் பொறுக்கித் திரும்ப முறத்தில் போட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கார் வந்தது. மாமா இறங்கி நேராக உள்ளே போனார். டிக்கி மூடியிருந்தது. அக்கா நாற்காலியை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். கையை நீட்டினால் திறந்துவிடலாம். திறக்கவில்லை. என்னை வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

---

விடிந்ததும் நான் போனபோது ஆட்டுக்கொட்டாய்ச் சுவர் வெறுமையாக இருந்தது. கட்டுக்கம்பி மட்டும் தொங்கியது. கோழி அதன் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டு, இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தது.

மாமா தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து நோஞ்சானைக் கழுவிக்கொண்டிருந்தார். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தும் எச்சம் போகவில்லை. நகத்தால் சுரண்டினார். மஞ்சள் ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தாலும் எண் தெரிந்தது. கால் பம்ப்பை மிதித்துக் காற்றடித்தார். காதை வால்வுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். எச்சில் தொட்டு வைத்து, குமிழி வருகிறதா என்று பார்த்தார்.

டிக்கி திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை; வெட்டுப்பட்ட டயரைக் கடத்தூரிலேயே போட்டுவிட்டு, வேறு டயர் வாங்காமல் வந்திருக்கிறார். முழு டயர் இருந்த இடத்தில் வட்டமாகத் தூசி படியாத அடையாளம். மாமா டிக்கித் தரை விரிப்பைத் தூக்கி, நோஞ்சானை அதன் பள்ளத்தில் வைத்து அமுக்கினார். டக்கென்று உட்கார்ந்தது.

அத்தை கதவோரம் நின்று பார்த்தாள். 

அக்கா அன்றைக்கு மஞ்சள் புடவை. நீலம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மாமா அவளைத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டு நாற்காலியை மடக்கப் போனார். அவருக்கு மடக்கத் தெரியவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட மடக்கியதில்லை. கைப்பிடியை அழுத்தினார், சக்கரத்தைத் தள்ளினார், தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மடக்கத் தெரியும். சொல்ல வாய் வராமல், போய் உட்காருகிற துணியை நடுவில் பிடித்து மேலே இழுத்தேன். நாற்காலி புத்தகம் மாதிரி மூடிக்கொண்டது. மாமா தலையை ஆட்டினார். அதைத் தூக்கி டிக்கியில் வைத்தார். இன்னும் இரண்டு சூட்கேஸ் வைக்க இடம் இருந்தது.

வழியில் அவர் அறுபதைத் தாண்டவில்லை. தண்ணீர் லாரிக்குப் பின்னாலேயே போனார். அதைத் தாண்ட இடம் கிடைத்தபோதும் தாண்டவில்லை. மினி பஸ் ஹாரன் அடித்துவிட்டு முந்தியது. ஒரு மொபெட்கூட முந்தியது. மரவள்ளிக் காட்டுப் பக்கம் போகும்போது அக்கா தலையைத் திருப்பித் தேடினாள். மாதம்மாள் இல்லை. மைல்கல்லும் மரத்தின் வேர்ப்பள்ளமும் இருந்தன. ஜல்லி வருகிற இடத்திலெல்லாம் மாமாவின் முதுகு சீட்டை விட்டு முன்னால் வந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அக்கா மஞ்சப் பைக்குள் கை விட்டு பாபின்களை எண்ணாமல் உருட்டிக்கொண்டிருந்தாள்.

அரூர் தாண்டி ஒரு நீளக் கொட்டகை. தகரக் கூரைக்குக் கீழே மெஷின் சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. அன்பரசி வாசலில் நின்று கையை ஆட்டினாள். சாய்வுத் தளம் நான் நினைத்ததைவிடச் செங்குத்தாக இருந்தது. பண்டல் வண்டி ஏறி ஏறி நடுவில் சிமெண்ட் வழவழப்பாகியிருந்தது.

மாமா நாற்காலியை எடுத்து வைத்து, நடுவில் அழுத்தி விரித்தார். இந்தத் தடவை சரியாக வந்தது. அக்காவைத் தூக்கி உட்கார வைத்தார். மடியில் பையையும் சாப்பாட்டு டப்பாவையும் வைத்தார். புடவை ஓரம் சக்கரத்தில் மாட்டாமல் ஒதுக்கிவிட்டார். பிறகு பின்னால் போய்த் தள்ளுவதற்குக் கைப்பிடியைப் பிடித்தார்.

அக்கா இரண்டு சக்கரத்தையும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாற்காலி நகரவில்லை. அவள் திரும்பவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தாள்.  பிறகு மாமா ஒரு கையை எடுத்தார். இன்னொரு கையையும் எடுத்தார்.

அவள் சக்கரத்தைத் தள்ளினாள். சாய்வில் பாதி ஏறியதும் நாற்காலி ஒரு கை அளவு பின்னால் வந்தது. மாமா ஓர் எட்டு முன்னால் வைத்துவிட்டார். அவள் பிடித்து நிறுத்தினாள். தோள் இரண்டும் உயர்ந்தன. ஜாக்கெட் முதுகில் வியர்வை விரிந்தது. மறுபடியும் தள்ளினாள், இன்னும் ஒரு தள்ளு, இன்னும் ஒன்று. சின்னச் சக்கரங்கள் வாசலைத் தொட்டன. அன்பரசி ஒதுங்கி வழி விட்டாள்.

அக்கா எங்களிடம் போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. தலை குனிந்து, சக்கரத்தைப் பார்த்தபடி, மெஷின் சத்தத்துக்குள் போய்விட்டாள்.